அருமைராசா வாங்கில் இருந்த பத்து இரவுகள்

அருமைராசா மொன்றியலில் கோழி சுடுகிறவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வார். சென்-டெனி தெருவுக்குப் பின்னால், இருபத்திரண்டு கதிரைகள் மட்டும் போட்ட ஒரு ஜப்பானியக் கடையில், கோழித் துண்டுகளை மூங்கில் குச்சியில் கோத்துக் கரித்தணலில் வாட்டி எடுப்பது அவருடைய வேலை. யக்கிடோரி என்று அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர். தொடை ஒரு சூட்டில், ஈரல் ஒரு சூட்டில், தோல் வேறொரு சூட்டில் வேக வேண்டும். மணிக்கூடு பார்த்துச் செய்ய முடியாது. கொழுப்பு தணலில் விழுகிற சத்தத்தைக் கேட்டே குச்சியைத் திருப்பிவிடுவார்.

அவர் அந்தக் கடைக்குப் போனது கோப்பை கழுவத்தான். 2001ஆம் ஆண்டு மாரிக்காலம். மூன்றாம் வருடம், தணல் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானியர் நடைபாதைப் பனியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்று பின்னேரம் கடை முதலாளி நொகுச்சி, சவர்க்கார நுரை கையோடு நின்ற அருமைராசாவைக் கூப்பிட்டு விசிறியைக் கொடுத்தார். “இன்றைக்கு மட்டும்” என்றார். உடைந்த மணிக்கட்டு ஆறுவதற்குள் அந்த மனிதர் ஊருக்கே போய்விட்டார். விசிறி அருமைராசாவின் கையிலேயே தங்கிவிட்டது.

நொகுச்சி ஃபுகுவோகா நகரத்துக்காரர். அதிலும் ஹக்காத்தா என்கிற பழைய பகுதியில் பிறந்து வளர்ந்தவர். வாடிக்கையாளரோடு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசுவார். அவசரம் வந்தால் வாயில் வருவது ஹக்காத்தாப் பேச்சு. அருமைராசா ஜப்பானிய மொழியை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. தணலுக்கு முன்னால் நின்று, தன்னைப் பார்த்துக் கத்தப்பட்ட சொற்களையே பொறுக்கி வைத்துக்கொண்டார். ஒரு ஐம்பது சொல் இருக்கும்.

அதில் ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவந்ததால் ஒருமுறை பிரச்சினை வந்தது. நல்ல ருசி என்பதற்கு ஹக்காத்தாவில் ‘உமக்கா’ என்பார்கள். ஒரு திங்கட்கிழமை மனைவி புஷ்பவதி வைத்த இறால் குழம்பை ஒரு வாய் வைத்ததும் அருமைராசா தன்னை மறந்து, “உமக்கா!” என்றார்.

“எனக்கில்லையப்பா, உங்களுக்குத்தான் போட்டது” என்றார் புஷ்பவதி.

அவர் இன்னொரு வாய் வைத்துக் கண்ணை மூடி, “உமக்கா, உமக்கா” என்றார்.

“அதுதான் சொல்லுறன், நான் பேந்து சாப்பிடுறன். நீங்கள் சாப்பிடுங்கோ!”

அவர்களுடைய வீடு லாசாலில், மூன்றாம் மாடியில். புஷ்பவதிக்கு வேலை புவாண்ட்-கிளேரில், மருந்துக் கடைகளுக்குச் சாமான் அனுப்பும் ஒரு களஞ்சியத்தில். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு நான்கரைக்குத் திரும்புவார். அருமைராசா மூன்று மணிக்கு வெளிக்கிட்டு இரவு ஒன்றரைக்குத் திரும்புவார். கடைக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் லீவு, புஷ்பவதிக்கு வெள்ளியும் சனியும். திங்கள் இரவு எட்டரைக்கே புஷ்பவதிக்குக் கண் சொருகிவிடும், செவ்வாய் விடிய எழும்ப வேண்டுமே. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுகிற மஞ்சள் கடதாசித் துண்டுகளில்தான் குடும்பம் நடந்தது. ‘பால் முடிஞ்சுது.’ ‘நிருஷாவுக்குக் காய்ச்சல், மருந்து குடுத்திட்டன்.’ ‘வீட்டுக்காரன் வந்தவன், பைப் நாளைக்குப் பாப்பானாம்.’ அவர்களுடைய மகள் நிருஷா அந்தத் துண்டுகளை வாசித்துத்தான் தமிழ் எழுத்துப் பழகினாள். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருந்தகத்தில் வேலை.

போன வருடம் ஒக்டோபர் முதற் கிழமையில், கடை இருந்த கட்டடத்தின் புகைக்குழாய் பழுதாகிவிட்டதென்று நகரசபை ஆட்கள் சொன்னார்கள். முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போட ஐந்து கிழமை வேண்டும். அதுவரை கடை பூட்டு.

“ஐந்து கிழமையும் என்ன செய்யப்போகிறாய்?” என்று நொகுச்சி கேட்டார். அவருக்கு எழுபத்தொரு வயது. பூட்டிய கடையின் நடுவில், கவிழ்த்து அடுக்கிய கதிரைகளுக்கிடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“வீட்டுக்கு பெயின்ற் அடிக்கலாம் எண்டு யோசிக்கிறன்.”

“பெயின்ற் எப்போதும் அடிக்கலாம். நீ ஹக்காத்தாவுக்குப் போ. இருபது வருடமாக என் ஊர்ச் சாப்பாட்டைச் சுட்டுக்கொண்டு நிற்கிறாய். ஒரு தரம் வாடிக்கையாளர் இருக்கிற வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்.”

அருமைராசா சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்குப் போய், நொகுச்சி சொன்னதைப் பகிடியாகச் சொன்னார். நிருஷா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அன்று இரவே கணினியைத் திறந்துவிட்டாள்.

புஷ்பவதிக்குப் பிடிக்கவில்லை. “பச்சை மீன் தின்னுறதுக்கு இவ்வளவு தூரம் போகவேணுமே?”

“அம்மா, அங்க ரோட்டுக்கடையளில பச்சை மீனே விக்கிறேல்லையாம். எல்லாம் சுட்டது, அவிச்சது, பொரிச்சது.”

“வெள்ளிக்கிழமைக்கு நான் என்ன செய்யிறது?”

“மரக்கறி சாப்பிடுங்கோ. மரக்கறி இல்லாத நாடே?”

“என்ர வேலை?”

“உங்களுக்கு மூண்டு வருச லீவு சேந்து கிடக்கு. நீங்கள்தானே துண்டில எழுதி ஒட்டினீங்கள். செ ஃபினி, கதை முடிஞ்சுது, டிக்கெட் போட்டாச்சு.”

புஷ்பவதி பெட்டி அடுக்கும்போது, பொரித்த மோர்மிளகாய் ஒரு பொதியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

ஒக்டோபர் கடைசிக் கிழமை இருவரும் ஃபுகுவோகாவில் போய் இறங்கினார்கள். மொன்றியலில் அப்போது கையுறை போடத் தொடங்கியாயிற்று. இங்கே ஆட்கள் மெல்லிய மேற்சட்டையோடு திரிந்தார்கள். விமானக் களைப்பில் பகல் முழுக்க நித்திரை கொண்டுவிட்டு, இருட்டுகிற நேரம் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். நாக்காசு என்கிற அந்த இடத்தில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கரையோரம் வரிசையாக வண்டிக்கடைகள். பகலில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காதாம். பின்னேரமானதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கதவுகளை விரித்து, சுற்றிவர வாங்கு போட்டு, சிவப்பு விளக்குக் கூடுகளைத் தொங்கவிட்டால் கடை. ஒரு கடையில் எட்டுப் பேர் இருக்கலாம். நெருக்கினால் பத்துப் பேர். விளக்குகள் எல்லாம் தண்ணீரில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தன. சோயாச் சாறு தணலில் கருகும் வாசம் வந்ததும் அருமைராசாவின் வலது கை தானாக விசிறியைத் தேடியது.

ஆனால் உள்ளே போகத் தெரியவில்லை. இருபது வருடம் அடுப்புக்குப் பின்னால் நின்ற மனிதருக்கு, அடுப்புக்கு முன்னால் எப்படி வந்து இருப்பதென்று விளங்கவில்லை. ஒரு கடையின் துணித் திரைக்குக் கிட்டப் போவார். உள்ளே முதுகுகள் நெருக்கமாகத் தெரியும். “ஆக்கள் கூடவா இருக்கு” என்று திரும்பிவிடுவார். அடுத்ததில் ஆட்களே இல்லை. “ஆக்கள் இல்லாத கடை நல்லா இராது.” இப்படியே கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூன்று தரம் நடந்தார்கள்.

நான்காம் தரம் திரும்பும்போது புஷ்பவதி நின்றுவிட்டார். “எனக்குக் கால் உளையுது. நீங்கள் நடவுங்கோ, நான் இதில இருக்கப்போறன்” என்று சொல்லி, பக்கத்திலிருந்த கடையின் திரையை விலக்கி, வாங்கில் போய் இருந்துவிட்டார். அருமைராசாவுக்கும் வேறு வழியில்லை. மனைவிக்கும், கோட் போட்ட ஒரு மனிதருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டார்.

கடையை நடத்தியது மசுமி என்ற ஒரு பெண். அறுபது வயதிருக்கும். தலையில் நீலத் துண்டு கட்டி, ஒரு கையால் தணலையும் மறு கையால் பொரிச்சட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று பார்வையால் கேட்டார்.

அருமைராசா நிமிர்ந்து இருந்தார். கோழித் தோல் நான்கு, தொடை இரண்டு, பன்றி இரண்டு என்று ஜப்பானிய மொழியில் பிழையில்லாமல் சொன்னார். கடைசியில் மரியாதையாக ஒரு சொல்லும் சேர்க்க விரும்பினார். தயவுசெய்து என்பதற்கு அவருக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். கடையில் ஒவ்வொரு முறையும் ஓடர் எழுதிய துண்டை நீட்டும்போது நொகுச்சி சொல்வது. அதை உரத்துச் சொன்னார்:

“ஹயோ சென்னே!”

வாங்கிலிருந்த எல்லோரும் வாயிலே வைத்ததை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். மசுமியின் கை பொரிச்சட்டிக்கு மேலே நின்றுவிட்டது. பிறகு மசுமி, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பக்கத்திலிருந்த கோட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“என்னப்பா சொன்னனீங்கள்?” என்று புஷ்பவதி அவருடைய தொடையில் இடித்தார்.

“தாங்கோ எண்டுதான் சொன்னனான்.”

கோட்டுக்காரர் தன் கைபேசியை எடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்கவிட்டு மொழியைக் கண்டுபிடித்தார். பிறகு எதையோ பேசி, அதில் வந்த தமிழை அவர்களுக்குக் காட்டினார். மொழிபெயர்ப்புச் செயலியின் தமிழ் அது, மேடைப் பேச்சுப்போல் இருந்தது: ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கடை உரிமையாளரை நோக்கி, சீக்கிரம் செய்து தொலை என்று ஆணையிட்டுள்ளீர்கள்.’

அருமைராசாவுக்குக் காது சுட்டது. இருபது வருடமாக நொகுச்சி தன்னிடம் ‘தயவுசெய்து’ என்று கேட்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தார். எழுந்து நின்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும், சமையலறையில் அதிகம் பாவித்த சொல். ஆனால் அதையும் ஹக்காத்தாப் பேச்சிலேயே சொன்னதால் சிரிப்பு இன்னும் கூடியது.

கோட்டுக்காரர் மறுபடி கைபேசியை நீட்டினார். ‘தங்கள் உரையாடல் எனது காலஞ்சென்ற பாட்டனாரை ஒத்திருக்கிறது. இக்காலத்து இளைஞர் எவரும் இவ்வாறு உரைப்பதில்லை. தாங்கள் எந்தக் கோளிலிருந்து வருகை தந்தீர்கள்?’

“கனடா” என்றார் அருமைராசா. யோசித்துவிட்டு, “அதுக்கு முதல் இலங்கை” என்றார். பிறகு தன் மேற்சட்டைக் கையை மடித்து, முழங்கைவரை இருந்த பழைய தீச்சூட்டுத் தழும்புகளைக் காட்டினார். மசுமி தன் சட்டைக் கையையும் மடித்து, அவருடைய கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடங்களில், அதே அளவில் தழும்புகள். அதன் பிறகு அவர்களை யாரும் புது ஆட்களாகப் பார்க்கவில்லை.

கோழித் தோல் வந்தது. நொகுச்சியின் கடையில் அதைக் குச்சியில் இறுக்கிச் சுற்றி, இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் சுட்டு, கொழுப்பு வடிந்து மொறுமொறு என்று ஆன பிறகுதான் கொடுப்பார்கள். அது முதலாளியின் பிடிவாதம் என்று அருமைராசா நினைத்திருந்தார். இங்கே எல்லோருக்கும் அதே பிடிவாதம். பக்கத்தில் ஒரு தட்டில் பச்சைக் கோவா இலை, முட்டைக்கோஸ் என்பார்களே, அது, மேலே புளிப்பான ஒரு சாறு. ஒரு கடி தோல், ஒரு கடி கோவா.

“உமக்கா!” என்று அவர் சொல்ல, வாங்கு முழுவதும் “உமக்கா! உமக்கா!” என்று திருப்பிக் கத்தியது.

புஷ்பவதி சுற்றிப் பார்த்தார். “அட, உண்மையாவே அப்பிடி ஒரு சொல் இருக்கு!” என்றார். பிறகு எல்லோருடைய கையிலும் இருந்த கண்ணாடிக் குவளைகளைப் பார்த்தார். “இஞ்சருங்கோ, எல்லாரும் ஏதோ குடிக்கினம். எனக்கும் ஒண்டு சொல்லுங்கோ.”

“உமக்கோ?”

“ஓம், எனக்குத்தான். ஐம்பத்து மூண்டு வயசாச்சு. ஆரிட்ட கேக்கவேணும்?”

மசுமி பிளம்ஸ் பழத்தில் ஊறிய மதுவில் சோடா விட்டு, அடியில் ஒரு முழுப் பழமும் போட்டுக் கொடுத்தார். புஷ்பவதி ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுளிப்பார் என்று அருமைராசா பார்த்துக்கொண்டிருந்தார். “நெல்லி ரசம் மாதிரிக் கிடக்கு” என்று சொல்லி மற்ற மிடறையும் குடித்தார். அடியிலிருந்த பழத்தையும் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இருட்டுகிற நேரம் வெளிக்கிட்டார்கள். பகலில் கோயில், கோட்டை என்று நிருஷா எழுதிக் கொடுத்த பட்டியலில் பாதியைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பாபத்துச் சட்டி. மாட்டுக் குடலையும் கோவாவையும் உள்ளியையும் மேசையிலேயே கொதிக்க வைத்துத் தருவார்கள். புஷ்பவதி அந்தச் சாற்றை மிச்சம் விடாமல் கோப்பையில் அள்ளினார். மூன்றாம் நாள் மிளகாயில் ஊறவைத்த மீன் சினையை உள்ளே வைத்துச் சுருட்டிய முட்டைப் பொரியல். வெள்ளிக்கிழமை காளான், வெண்டிக்காய், பச்சைமிளகாய், வற்றாளங்கிழங்கு எல்லாம் குச்சியில் கோத்துச் சுட்டது. பக்கத்தில் பன்றி இறைச்சியும் அதே தணலில் கிடக்கிறதே என்று அருமைராசா மெதுவாகக் கேட்டார். “நெருப்புக்கு என்னப்பா தீட்டு?” என்று புஷ்பவதி சொல்லிவிட்டு இன்னொரு வெண்டிக்காய்க் குச்சிக்கு விரல் காட்டினார்.

ஐந்தாம் நாள் இரவு ஒரு நூடில்ஸ் வண்டியில் இருந்தார்கள். எலும்பை நாள் முழுக்கக் காய்ச்சி வெள்ளையாக்கிய சாறு. ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. புஷ்பவதி கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, சும்மா ஒரு கதைக்குச் சொல்வதுபோல், “எனக்குக் கீழ வேலை செய்யிற ஒரு ஹெய்ட்டிப் பிள்ளையும் இப்பிடித்தான் நூடில்ஸ் உறிஞ்சிறவள்” என்றார்.

“உமக்குக் கீழயோ?”

“ஓம். நான் லீட் தானே. பதினொரு பேர்.”

அருமைராசா குச்சிகளைக் கீழே வைத்தார். “எப்ப தொடக்கம்?”

“ரெண்டு வருசம்.”

“எனக்குச் சொல்லேல்லை!”

“சொன்னனான். நீங்கள் நித்திரை. துண்டிலயும் எழுதி ஒட்டினனான். நீங்கள் அதுக்குக் கீழ ‘நல்லது, முட்டை வாங்கவும்’ எண்டு எழுதியிருந்தீங்கள்.”

அவருக்கு அந்தத் துண்டு நினைவில் இல்லை. முட்டை வாங்கியது நினைவிருந்தது. பதினொரு பேரையும் பற்றிக் கேட்டார். யார் பிந்தி வருகிறவர், யார் பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டி கட்டுகிறவர், மேலாளரோடு புஷ்பவதி பிரெஞ்சில் சண்டை பிடித்து எல்லோருக்கும் குளிர்ச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது எப்படி. அவர் கேட்கக் கேட்கப் புஷ்பவதி சொல்லிக்கொண்டே போனார். கைகளை ஆட்டி, மேலாளரின் குரலில் பேசிக் காட்டினார். இந்தப் பெண் இவ்வளவு நன்றாகக் கதை சொல்வாள் என்பது அருமைராசாவுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாகத் தெரியாது. சாறு ஆறிப்போனதைப் பார்த்து வண்டிக்காரர் கேட்காமலே இருவருடைய கோப்பையிலும் சூடாக ஊற்றிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் மழையும் காற்றும். வண்டிக்கடைகள் வரவில்லை. ஆற்றங்கரை வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஒடுங்கிய தெருவில் வெளிச்சம் தெரிந்து உள்ளே போனார்கள். அது மதுப் போத்தல் விற்கும் கடை. ஆனால் ஒரு மூலையில் பலகை அடித்து, வாங்கினதை அங்கேயே நின்றுகொண்டு குடிக்க விட்டிருந்தார்கள். வயது போனவர்கள் ஆறேழு பேர், மீன் தகரத்தைத் திறந்து வைத்துப் பியர் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எங்கட மூலைக்கடை டெப்பனர் மாதிரி” என்றார் புஷ்பவதி. “ஆனா அங்க இப்பிடி நிண்டு குடிச்சா பொலிஸ் வரும்.”

மீன் தகரம் ஒன்று வாங்கித் திறந்தார்கள். மீன் நல்ல மீன்தான், ஆனால் இனித்தது. புஷ்பவதி ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து மோர்மிளகாயை எடுத்தார். ஒரு கடி மீன், ஒரு கடி மிளகாய். நொறுங்குகிற சத்தம் கேட்டு, பக்கத்தில் நின்ற கிழவர் எட்டிப் பார்த்தார். புஷ்பவதி பொதியை நீட்டினார்.

“வேண்டாம், உறைக்கும், ஆளுக்கு ஏதும் நடந்திடும்” என்று அருமைராசா தடுக்கப் பார்த்தார்.

கிழவர் ஒன்றை முழுதாக வாயில் போட்டார். முகம் சிவந்தது. கண்ணில் நீர் வந்தது. பியரை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, கையை நீட்டி இன்னொன்று கேட்டார். அதன் பிறகு பொதி பலகை முழுக்கச் சுற்றி வந்தது. கடைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு வந்து ஒன்றைக் கொடுத்தார். எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டார்கள். லாசாலில் என்று புஷ்பவதி சொன்னார். ஒருவர் அதைக் கவனமாகக் கையில் எழுதிக்கொண்டார். அன்று அவர்கள் குடித்த எதற்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துவிட்டிருந்தார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பத்தாம் நாள், கடைசி இரவு, மசுமியின் வாங்குக்கே திரும்பிப் போனார்கள். கோட்டுக்காரரும் இருந்தார். நாளைக்குப் போகிறோம் என்றதும், உனக்கு இந்தப் பேச்சைப் பழக்கிய மனிதர் யார், அவரைப் பார்க்க வேண்டும் என்றார் மசுமி. இரவு ஒன்பது மணி. மொன்றியலில் காலை எட்டு. அருமைராசா கைபேசியில் நொகுச்சியைக் கூப்பிட்டார்.

நொகுச்சி கோப்பிக் கோப்பையோடு திரையில் வந்தார். மசுமி ஒரு வசனம் சொன்னார். அவ்வளவுதான், நொகுச்சியின் குரலே மாறிவிட்டது. கடையில் கேட்கிற அதட்டல் இல்லை. பள்ளிக்கூடப் பொடியன்போல் கடகடவென்று பேசினார். இளம் வயதில் தான் வேலை பழகிய வண்டிக்கடை எந்த மூலையில் இப்போது நிற்கிறது என்று கேட்டார். மசுமி தலையை ஆட்டி, அது இப்போது இல்லை என்று மெதுவாகச் சொன்னார். நொகுச்சி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அருமைராசாவிடம், “எனக்காகத் தோல் இரண்டு குச்சி சாப்பிடு” என்றார்.

“நொகுச்சி சான்” என்றார் அருமைராசா. “எனக்கு வியாழக்கிழமை லீவு வேணும்.”

“எந்த வியாழக்கிழமை?”

“எல்லா வியாழக்கிழமையும்.”

இதைக் கேட்கப்போவதாக அவர் புஷ்பவதியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவருக்கே அப்போதுதான் தெரியும். புஷ்பவதி குவளையைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தார்.

“வியாழன் கடை நிரம்புகிற நாள். தணலை யார் பார்ப்பது?”

“அன்டன். ஏழு வருசமா எனக்குப் பக்கத்தில நிண்டு கோழி வெட்டுறார். தோல் சுடுறதில என்னை விட நல்ல கை.”

நொகுச்சி தாடையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். கோட்டுக்காரர் தன் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து, நடந்ததை வாங்குக்கு விளங்கப்படுத்தினார். மசுமி அடுப்புக்கு மேலாகச் சாய்ந்து, கைபேசிக்குள்ளே வாயை வைத்து, மொன்றியல்வரை கேட்கும்படி கத்தினார்:

“ஹயோ சென்னே!”

வாங்கிலிருந்த பத்துப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். நொகுச்சி சிரித்துவிட்டார். “சரி, சரி, வியாழன்” என்றார்.

நவம்பர் நடுவில் கடை திறந்தது. அன்டன் மட்டக்களப்புக்காரர், நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார். முதல் வியாழன் விசிறியை வாங்கும்போது, “தோல் கருகினா என்னைக் கேளாதயுங்கோ அண்ணன்” என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் அருமைராசாவும் புஷ்பவதியும் போர்த்துக்கீசர் ஒருவரின் கோழிக் கடைக்குப் போனார்கள். அருமைராசா இருக்கையில் இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். எட்டி எட்டி அடுப்பைப் பார்த்தார். தணல் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது என்றார். கோழியைப் பிந்தித் திருப்புகிறான் என்றார். இரண்டு தரம் கைபேசியை எடுத்து அன்டனுக்கு அடித்தார். மூன்றாம் தரம் எடுத்தபோது புஷ்பவதி அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்து மூடினார்.

“சாப்பாட்டைப் பாருங்கோ. என்னையும் கொஞ்சம் பாருங்கோ.”

அவர் பார்த்தார். மேலாளருக்கும், பாடிக்கொண்டு பெட்டி கட்டுகிற பாட்டுக்காரிக்கும் இடையில் இந்தக் கிழமை நடந்த சண்டையைப் புஷ்பவதி தொடங்கினார். அது முடியும்போது கடையில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்டனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. தோல் முழுவதும் ஒன்பது மணிக்கே விற்று முடிந்துவிட்டதாம்.

எத்தியோப்பியா, பெரு, கொரியா என்று புஷ்பவதி இப்போது கைபேசியில் மொன்றியல் சாப்பாட்டுக்கடைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார். களஞ்சியத்தில் வேலை செய்கிற பதினொரு பேரும் ஆளுக்கொரு கடை சொல்லியிருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு வியாழன், வெளியே இருபத்துநான்கு பாகைக் குளிர், உறைநிலைக்குக் கீழே. கண்ணாடி யன்னலில் பனி பூத்துக் கிடந்தது. இண்டைக்கு வீட்டில் நிண்டால் என்ன என்று அருமைராசா இழுத்தார்.

புஷ்பவதி ஏற்கனவே கழுத்துத் துணியைச் சுற்றி முடித்திருந்தார்.

“பஸ் ஆறு நிமிசத்தில. சப்பாத்தைப் போடுங்கோ.”